அமுக்காத சுவிட்ச்

பாய்,

இன்று சாயந்திரம் கச்சேரி ரோட்டில் நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே யாரோ உரலில் அதிமதுரம் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தித்திப்பு வாசனை வந்ததும், நீங்கள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாயில் ஒரு துண்டை ஒதுக்கியபடி, "இன்னா டீச்சர், இன்னிக்கி யாரை வெளியே அனுப்பப் போறீங்க?" என்று கேட்கப் போகிறீர்கள் என்று தோன்றிவிட்டது. திரும்பிக்கூடப் பார்த்தேன். ஒரு கை ரிக்‌ஷாக்காரர்தான் நகரும்மா என்று கத்திக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் என்ன வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒரு பொட்டலம் வாங்கினேன். அதை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. உங்களோடு சண்டை போட எனக்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. ஆள் இல்லாத சமயமாகப் பார்த்துக் கிடைத்திருக்கிறது, அதுதான் எரிச்சல்.

நம் உத்தியோகத்தை யாரிடமாவது விளக்கப் போனால் இன்றும் சிரிக்கிறார்கள். வானொலியில் செய்தி வாசிப்பது உங்கள் வேலை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சுவிட்சில் விரல் வைத்திருப்பது என் வேலை. யுத்த காலத்தில் யார் மைக் முன்னால் வந்தாலும், முன்கூட்டியே முத்திரை குத்திய தாளில் உள்ளபடிதான் பேச வேண்டும். தாளைவிட்டு ஒரு வார்த்தை விலகினாலும் பக்கத்தில் இருப்பவர் சுவிட்சை அமுக்கிக் குரலை வெட்டிவிட வேண்டும். எதிரிக்கு யாராவது சங்கேதம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். சாந்தோமில் கான்வென்ட் டீச்சராக இருந்த என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரண்டு பாஷையும் தெரியும், வகுப்பில் பேசுகிறவர்களின் வாயை மூட வைத்த அனுபவமும் உண்டு, வேறென்ன வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

நகரத்தின் மேல் குண்டு விழுந்தாலும் செய்தி நிற்கக் கூடாது என்று, அடையாறு ஆற்றோரம் ஒரு பழைய பங்களாவில் நமக்கு அறை போட்டிருந்தார்கள். சுவரெல்லாம் கம்பளி. சிவப்பு விளக்கு எரிந்தால் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், அந்தச் சத்தம் மைக்கில் விழும். வியர்வை தாளில் சொட்டாமல் இருக்க நீங்கள் நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொள்வீர்கள். முதல் நாள் உங்களைப் பார்த்து, மாம்பழம் விற்க வந்தவரோ என்றுகூட நினைத்தேன். உட்கார்ந்ததும் என் விரலைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் தும்மினா வெட்டிடுவீங்களா?" என்றீர்கள். "தாளில் போட்டிருந்தால் தும்மலாம்" என்றேன். அன்றிலிருந்துதான் நமக்கு ஒத்துப்போனது என்று வையுங்கள்.

வீட்டில் உருது, தெருவில் மெட்ராஸ் பாஷை, மைக்குக்கு முன்னால் இலக்கணத் தமிழ். மூன்று சட்டை மாற்றுவதுபோல் நீங்கள் மாற்றுவதை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் உங்களுக்கு மாற்றுச் சட்டையே கிடையாது. ஒரு தடவை தமிழ்த் தாளில் "எதிரி விமானங்கள் விரட்டியடிக்கப்பட்டன" என்று எழுதி வந்தது. மூலத்தில் விமானங்கள் திரும்பிப் போயின என்றுதான் இருந்தது. நீங்கள் எழுந்து அதிகாரியின் அறைக்குப் போய் நின்றுவிட்டீர்கள். "வெரட்டினதை யார் பார்த்தது சார்? திரும்பிப் போச்சுன்னு மட்டும்தானே நமக்குத் தெரியும்?" மந்தைவெளியிலிருந்து வரும் நம் அதிகாரி நல்ல மனுஷர். தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தைக்கு இப்படிப் பிராணனை வாங்கறேளே!" என்று முனகிக்கொண்டே திருத்தி, புதிதாக முத்திரை குத்திக் கொடுத்தார். செய்தி தொடங்க அரை நிமிஷம் இருந்தது. நீங்கள் அதிமதுரத்தைத் துப்பிவிட்டு, "தெரிஞ்சதை மட்டும் சொன்னா போதும் டீச்சர், பாதி சண்டை அதுலியே நின்னுடும்" என்றீர்கள்.

வாசிப்பவர் பெயரைச் சொல்லும் வழக்கம் அப்போது நம்மிடம் கிடையாது. அதனால் ஊருக்கு உங்கள் பெயர் தெரியாது, குரல் மட்டும் தெரியும். தி.நகர் பார்க்கில் கம்பத்தின் மேல் ஒலிபெருக்கி வைத்திருந்தார்களே, செய்தி நேரத்துக்குப் புல்தரை நிறைந்துவிடுமாம். பக்கத்தில் குடியிருந்த என் தங்கை பிலோமி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தினமும் போவாள். ஜனங்கள் செய்தியைக் கேட்டதைவிட உங்கள் குரலைத்தான் அதிகம் கேட்டார்கள் என்று அவள்தான் சொன்னாள். நீங்கள் நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால், எங்கோ கப்பல் கவிழ்ந்துவிட்டது. கொஞ்சம் வேகமாகப் படித்தால், பர்மாவில் இன்னொரு ஊர் போய்விட்டது. இதை உங்களிடம் சொன்னபோது கோபம் வந்தது. "நான் இன்னா ஜோசியக்காரனா? தாகமெடுத்தா தண்ணி குடிக்கப்படாதா?" என்றீர்கள். ஆனால் மறுநாளிலிருந்து செய்தி முடியும்வரை தம்ளரைத் தொடவில்லை. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு அந்தச் சித்திரை வந்தது. ஜப்பான்காரன் கப்பல்கள் வங்கக் கடலில் திரிகின்றன என்ற பேச்சு. பட்டணத்தில் வேலையில்லாதவர்கள் வெளியூர் போய்விடலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. மயிலாப்பூரில் தெருத் தெருவாகப் பூட்டு தொங்கியது. பார்க்குகளில் பதுங்கு குழி வெட்டினார்கள். ராத்திரி விளக்கு ஏற்றக் கூடாது. யார் எதைச் சொன்னாலும் நம்புகிற நிலையில் ஊர் இருந்தது.

அந்த நேரம் பார்த்து உங்களுக்குத் தொண்டை கட்டியது. வெறும் ஜலதோஷம் இல்லை. உள்ளே புண். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் இந்தக் குரல் திரும்பாது என்று சொல்லிவிட்டார். லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாதா? ஒரு ஸ்லேட்டையும் பல்பத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். தந்தித் தாள்களை மொழிபெயர்த்துக் கொடுக்கக் குரல் எதற்கு என்று அதில் எழுதிக் காட்டினீர்கள். "ஸ்லேட்டோடு ஒரு மாணவன் கிடைத்துவிட்டான்" என்று நான் சிரித்தேன். எனக்கு உள்ளே சிரிப்பு இல்லை, பாய். ஸ்லேட்டை வாங்கும்போது பட்ட உங்கள் விரல் சுட்டது. ஜுரம்.

அன்று சாயந்திரச் செய்திக்கு அதிகாரி வேறு ஆளைப் போட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்து கூஜாவில் கஷாயம் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க பேசப்படாது. குரல் போச்சுன்னா யார் தருவா? இன்னிக்கு அந்தப் பிள்ளையாண்டான் படிக்கட்டும்" என்றார். கச்சேரி நிகழ்ச்சிகளை அறிவிக்கிற இளைஞர் அவர். இனிமையான குரல். கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் அழகாக வாசித்தார். ஒரு பிழை இல்லை. நான் சுவிட்சிலிருந்து விரலை எடுத்து, கையை உதறிக்கொண்டு வெளியே வந்தேன். எல்லாம் சரியாக நடந்தது என்று நாம் மூன்று பேரும் நினைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு டெலிபோன் வந்தது. பிலோமியின் வீட்டுக்காரர். மாம்பலம் ஸ்டேஷனுக்கு எதிரே காபி ஓட்டலில் இருந்து பேசினார். பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, பிலோமி வூட்ல இல்ல. புள்ளைய தூக்கிக்கினு ஸ்டேஷனுக்குப் பூட்டாளாம். என்னால உள்ள போவ முடியல."

"ஏன், என்ன ஆச்சு?"

"பார்க்குல இன்னிக்கி வேற ஆளு நியூஸ் படிச்சானாம். தினம் படிக்கிறவரே ஊரை விட்டு ஓடிட்டாரு, அவருக்கு எல்லாம் தெரியும், இனிமே நாம இன்னாத்துக்கு இருக்கணும்னு எவனோ கெளப்பி வுட்டுட்டான். மாம்பலம் மொத்தமும் இங்கதான் கீது அக்கா. கம்பி வேலி சாஞ்சிடுச்சு. பிளாட்பாரத்துல நிக்க எடமில்லாம தண்டவாளத்துல எறங்கி நிக்கிறாங்க. செங்கல்பட்டு வண்டி வந்துக்கினு கீதாம். வந்தா இன்னா ஆவும்னு தெரியல."

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே அடுத்த அறையைப் பார்த்தேன். ஊரை விட்டு ஓடியவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்தில் மப்ளரோடு கஷாயத்தை ஊதிக்கொண்டிருந்தார்.

அதிகாரியின் முகம் போன போக்கை நீங்களும் பார்த்தீர்கள். தன் நல்ல எண்ணம் இப்படி முடியும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அடுத்த செய்திக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. நீங்கள் ஸ்லேட்டில் எழுதி நீட்டினீர்கள்: நான் படிக்கிறேன்.

"படிச்சா? உம்ம குரல் இப்போ உம்ம குரல் மாதிரியா இருக்கு? கரகரன்னு இருக்கு. இது மூணாவது ஆள்னு நினைச்சுண்டு இன்னும் ஓடுவா!"

அவர் சொன்னது நியாயம். நீங்கள் ஸ்லேட்டைத் துடைத்து, அப்படியானால் நான்தான் என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன் என்று எழுதினீர்கள். அதிகாரி தலையை ஆட்டினார். முத்திரை இல்லாத வரி. மொழிபெயர்ப்பைத் திருத்தத்தான் அவருக்கு அதிகாரம், புது வரிக்கு ராணுவ அதிகாரி சம்மதிக்க வேண்டும். ராணுவ அதிகாரிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. டில்லிக்கு டிரங்க் கால் கேட்டார், லைன் கிடைக்கவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "தாள்ல இருக்கிறதை மட்டும் படிக்கட்டும். ஒரு வார்த்தை அதிகமா வந்தா நீங்க வெட்டிடணும்மா. நம்ம மூணு பேரையும் ஜெயில்ல போட்டுடுவா" என்றார். அவருக்கு நாலு பெண்கள்.

உள்ளே போகும்போது வாசலில் நின்று என்னிடம் ஸ்லேட்டைக் காட்டினீர்கள். "ஒரு வரி. விடுவீங்களா?" நான் முந்தானையால் அந்த எழுத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். என் மனசில் செங்கல்பட்டு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது முந்தின ஸ்டேஷனா, அதையும் தாண்டிவிட்டதா? பிலோமி குட்டையானவள். கூட்டத்தில் அவள் தலை வெளியே தெரியாது. பிள்ளையை எப்படிப் பிடித்திருக்கிறாள்?

சிவப்பு விளக்கு எரிந்தது. விசிறியை நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். நீங்கள் தாளைத் தொடவே இல்லை.

"செய்திகளுக்கு முன் ஒரு வார்த்தை. தினமும் உங்களுக்குச் செய்தி வாசிப்பவன்தான் பேசுகிறேன். தொண்டை சரியில்லை. அதனால் முன்பு ஒரு நண்பர் வாசித்தார். நான் ஊரைவிட்டுப் போகவில்லை."

ஒரு வரிக்கு ஐந்து வரி. சரி, விட்டாயிற்று. விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. இனித் தாளுக்கு வருவீர்கள் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஆனால் என் மனைவியையும் பிள்ளைகளையும் இன்று காலை ஆம்பூருக்கு அனுப்பிவிட்டேன்."

கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரி இரண்டு கைகளாலும் வெட்டு, வெட்டு என்று காட்டினார். இந்த மனிதர் பைத்தியமா? ஊரே ஓடிக்கொண்டிருக்கும்போது, என் குடும்பத்தை அனுப்பிவிட்டேன் என்று சொல்வார்களா? விரலை அழுத்தத் தொடங்கினேன். அழுத்தினால் என்ன நடக்கும் என்பதும் அந்த நொடியில்தான் புரிந்தது. ரேடியோ நடுவில் செத்துப்போகும். நிலையத்தின் மேலேயே குண்டு விழுந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அதைவிட இன்னொன்றும் தோன்றியது. இவர் பாய். விரட்டியதை யார் பார்த்தது என்று கேட்டவர். தெரியாததை இவர் வாய் சொல்லாது. நடந்ததைத்தான் சொல்கிறார், எதற்காகவோ சொல்கிறார். விரலை விட்டேன்.

"அவசரம் இல்லாமல் போனார்கள். வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினோம். உட்கார இடம் கிடைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. போக நினைப்பவர்கள் நாளையும் போகலாம், அதற்கு அடுத்த நாளும் போகலாம். இப்போது ரயில் நிலையத்தில் நிற்பவர்கள் பிள்ளைகளைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர்கள் முதலில் வெளியே வாருங்கள். முன்னால் நிற்பவர்கள் தள்ளாதீர்கள். நாளை இதே நேரம் நான் இங்கே இருப்பேன்."

அப்புறம் தாளை எடுத்துச் செய்திகளைப் படித்தீர்கள், கடைசி வரி வரைக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் தொண்டை கிழிவது பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. தம்ளரைத் தொடவில்லை. முடிந்து விளக்கு அணைந்ததும் கைக்குட்டையில் துப்பினீர்கள். சிவப்பாக இருந்தது. அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டீர்கள்.

அதன் பிறகு டெலிபோன் அடிக்கும்வரை நாம் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செபமாலையை மணி தவறவிட்டு உருட்டியது அன்று ஒரு நாள்தான். டெலிபோன் அடித்தது. "அக்கா, கெடச்சிட்டா. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க" என்றார் பிலோமியின் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு ஓட்டலில் நின்றுகொண்டே அழுதார். ஓட்டல்காரர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல் பெஞ்சில் வைத்து முழுச் சத்தத்தில் திருகியிருக்கிறார். கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குக் கத்தினார்களாம். "பின்னாடி இருக்கறவன் மொதல்ல வெளியே வா! அவரு சொல்லிட்டாரு!" பின்வரிசை கரைந்தது. தண்டவாளத்தில் நின்றவர்கள் மேலே ஏற இடம் கிடைத்தது. ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கைக் காட்டி வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தி, மெதுவாக உள்ளே விட்டார். பிலோமியின் புடவை கிழிந்திருந்தது, பிள்ளையின் ஒரு கொலுசு போயிருந்தது. அவ்வளவுதான்.

விசாரணை வந்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அதிகாரி என்னிடம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார், ஏன் அமுக்கவில்லை என்று. "எதிரிக்கு உதவுகிற பொய்யை வெட்டத்தானே சுவிட்ச்? அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை" என்றேன். எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன் தெரியுமா? கான்வென்டில்கூட நான் அப்படிப் பேசியதில்லை. பக்கத்தில் நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எச்சரிக்கையோடு விட்டார்கள். உங்களை மைக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டாலும் படித்திருக்க முடியாது. அந்தக் குரல் திரும்பவில்லை. காற்றும் கரகரப்புமாக ஒன்று மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பு மேஜையில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தீர்கள். யுத்தம் முடிந்ததும் சுவிட்ச் நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டு, என்னை மைக் நாற்காலிக்கு மாற்றினார்கள். நீங்கள் எழுத, நான் படித்தேன். சுதந்திரம் வந்த அன்றும் அப்படித்தான். படித்துவிட்டு வெளியே வந்தால், "அளுவாத படிச்சீங்களே, அதே பெரிசு" என்று கிசுகிசுத்தீர்கள். நீங்கள்தான் அழுதுகொண்டிருந்தீர்கள்.

அந்த நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நான் பேச்செடுத்தால் நீங்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவீர்கள். ஆனால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதோ அந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறாரே, மைக் முன்னால் ஒரு பொய் சொன்னதில்லை அந்த மனிதர் என்று. உங்கள் காதில் விழும்படியே சொல்வேன். நீங்கள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

நாற்பதாம் நாள் ஓதுகிறோம் என்று உங்கள் வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். பள்ளிவாசல் சந்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன். கூட்டம் கலைந்ததும் உங்கள் வீட்டம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அந்தச் சித்திரை நாளைப் பற்றிப் பேசினேன். அவர்களும் பிள்ளைகளும் அன்று ஆம்பூருக்கு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்ததுதான் உங்களுக்கு அவ்வளவு தைரியம் கொடுத்தது என்றேன்.

உங்கள் வீட்டம்மா என்னையே பார்த்தார்கள்.

"நாங்க எங்க டீச்சரம்மா போனோம்? அன்னிக்கி வூட்லதான் இருந்தோம்."

எனக்குப் புரியவில்லை. உங்கள் வீட்டம்மா சொல்லிக்கொண்டே போனார்கள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததாம். முனை ஓட்டல் ரேடியோவில் உங்கள் குரல். கட்டிய குரலானாலும் உங்கள் வீட்டுக்குத் தெரியாதா? பெண்டாட்டி பிள்ளைகளைக் காலையிலேயே அனுப்பிவிட்டேன் என்கிறது குரல். "கையில கரண்டியோட நின்னுட்டேன். நான் இங்க நிக்கிறேன், அவுங்க அனுப்பிட்டேன்னு சொல்றாங்க. அப்புறம் மத்ததெல்லாம் காதுல விழுந்துச்சு. இவங்க இப்படிச் சொல்ற ஆளு இல்லியே, எதுக்கோ சொல்றாங்கன்னு புரிஞ்சிடுச்சு. யாராவது என்னைப் பார்த்தா அவுங்க சொன்னது பொய்யாப் போவுமே? அடுப்பை அணைச்சேன். கதவைத் தாள் போட்டேன். புள்ளைங்க வாயில கைய வெச்சிக்கினு கட்டிலுக்கு அந்தண்ட உக்காந்துட்டேன்."

அந்தக் குரல் யாருடையது என்று உங்கள் தெருவுக்கு மட்டும் தெரியுமே, ஜனங்கள் வந்து கதவைத் தட்டிப் பார்த்தார்களாம். பதில் இல்லை. "ஆமாய்யா, போயிட்டாங்க, நெசந்தான்" என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்களாம். காலையில் குழாயடியில் உங்கள் வீட்டம்மாவோடு பேசியிருந்த எதிர்வீட்டு அம்மாள் மட்டும் ஒருவரிடமும் வாயைத் திறக்காமல், இருட்டியதும் கொல்லைப்புற ஜன்னலில் ஒரு தூக்குப் பாத்திரத்தில் தயிர்சாதம் வைத்துவிட்டுப் போனாளாம்.

"அவுங்க வந்தாங்க. என் மூஞ்சியைப் பார்க்கல. ஸ்லேட்டுல என்னமோ எழுதி நீட்டினாங்க. எனக்கு எழுத்து தெரியாதுங்கறதையே மறந்துட்டாங்க. நான் வாங்கித் துடைச்சிட்டு, பெட்டி கட்டியாச்சுன்னேன். விடியறதுக்குள்ள கெளம்பிட்டோம். வரிசையில நின்னுதான் டிக்கெட் வாங்கினோம். உக்கார எடமும் கெடச்சுது, அவுங்க சொன்ன மாதிரியே."

இதைச் சொல்லும்போது உங்கள் வீட்டம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பாய், அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் உங்களைத் திட்டினேன். என்ன செய்தீர்கள் என்று புரியாமல் இல்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று மட்டும் சொன்னால், பயமில்லை, இருங்கள் என்று சொன்னதாகிவிடும். பயமில்லை என்பது உங்களுக்கே தெரியாத விஷயம். நாளைக்குத்தான் அனுப்பப் போகிறேன் என்றால் எல்லோரும் அன்றைக்கே முண்டியடிப்பார்கள். போகலாம், ஆனால் மெதுவாகப் போகலாம் என்று நம்ப வைக்க, ஏற்கனவே மெதுவாகப் போய்ச் சேர்ந்த ஒரு குடும்பம் வேண்டியிருந்தது. அப்படி ஒன்று உங்கள் கையில் இல்லை. உண்டாக்கிவிட்டீர்கள். எனக்கு இதெல்லாம் புரிகிறது. விசாரணை மேஜைக்கு முன்னால் என்னைப் பேச விட்டுவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அதைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. ஏழு வருஷத்தில் ஒரு டீ நேரம் கிடைக்கவில்லையா உங்களுக்கு?

போன வாரம் புதிதாக ஒரு பெண் செய்தி வாசிக்கச் சேர்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. காலியாக இருக்கும் உங்கள் மேஜையைக் காட்டி, "அவர் ஒரு பொய்கூடச் சொன்னதே இல்லையாமே, நிஜமா மிஸ்?" என்று கேட்டாள். நிஜம் என்றேன். சொல்லிவிட்டு நான் எழுந்து டீ குடிக்கப் போனேன்.

பிலோமியின் மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரை வரைக்கும் நடக்கிறாள், ஓயாமல் பேசிக்கொண்டு. நடுவில் என்னை நிமிர்ந்து பார்த்து, ஏன் பெரியம்மா பேசமாட்டேங்கறீங்க என்று கேட்கிறாள். அவளிடம் சொல்ல முடியாது. உங்களிடம்தான் சொல்லலாம். நீங்கள் சொல்வது பொய் என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தால், பாய், நான் அமுக்கியிருப்பேன்.